காரின் நிழலிலேயே காருக்குப் பாலிஷ்

எனக்கு ஷெட் கிடையாது. கார் நிறுத்த எனக்கென்று விட்டிருப்பது தரையில் கோடு போட்ட ஒரு செவ்வகம், அவ்வளவுதான். மேலே வானம். அதில் நிற்பது ஒன்பது வருஷம் ஓடிய கருநீலக் கார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அழகான நீலம். வெயிலில் நின்று சூடேறுகிற விஷயத்தில் மட்டும் கறுப்புக்கு அது தம்பி.

இத்தனை வருஷமும் கண்ட துணியில் துடைத்துத் துடைத்து அதன் மேலெல்லாம் மெல்லிய கீறல்கள். தூசியோடு சேர்த்துத் துடைத்ததில் வந்தவை. முக்கால்வாசி என் கைவேலை, மிச்சம் கார் கழுவக் கொடுத்த இடங்களின் தூரிகை வேலை. நிழலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டால் கார் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல இருக்கும். சரி, நாமே பாலிஷ் போட்டுவிடலாம் என்று சுழன்று தேய்க்கிற மெஷினான ஒரு பாலிஷரும், அதன் முகத்தில் மாட்டுகிற இரண்டு பேடும், தேய்க்கிற பசையான காம்பவுண்டு ஒரு பாட்டிலும் வாங்கினேன்.

முதல் முயற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. நேரத்தைக் கவனியுங்கள். விடுமுறை நாளில் மெதுவாக எழுந்து, காபி குடித்து, பேப்பர் பார்த்து, சாவகாசமாக இறங்கிப்போன நேரம் அது. பானெட்டில் தண்ணீர் ஊற்றினேன். துணியை எடுத்துத் திரும்புவதற்குள் பாதி காய்ந்து வட்ட வட்டமாக உப்புக்கறை உட்கார்ந்துவிட்டது. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காம்பவுண்டைப் பேடில் வைத்து மெஷினை ஓட்டினேன். பத்து விநாடி சுகமாக ஓடியது. அப்புறம் பேட் பிடித்து இழுக்க ஆரம்பித்தது, மாவு மாவாகப் பறந்தது. மெஷினை எடுத்துப் பார்த்தால் பானெட்டில் வெள்ளைப் பட்டைகள். துணியால் துடைத்தால் வரவில்லை. அழுத்தித் துடைத்தேன், துணிதான் கீச்சென்று கத்தியது.

கீழ்வீட்டுப் பெரியவர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று பார்த்தார். “என்ன தம்பி, காருக்கு வெள்ளையடிக்கிறீங்களா?” என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்தது.

அன்று என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. காம்பவுண்டு என்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்ணிய துகள்கள், அவற்றைத் தாங்குகிற தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். துகள்கள் பெயிண்டின் மேல்தோலைத் துளித் துளியாகச் சீவும். ஈரமும் எண்ணெயும் அவை உருண்டு வழுக்கி ஓடுவதற்கு. சூடான தகட்டில் அந்த ஈரம் சில விநாடிகளில் ஆவியாகிவிட்டால் மிச்சம் இருப்பது காய்ந்த பொடி. அதன்மேல் மெஷினை ஓட்டுவது உப்புத்தாள் தேய்ப்பதற்கு அண்ணன் தம்பி உறவு. பேடும் உராய்வில் தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டும். பெயிண்டு அப்படி என்ன கனம்? இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, கிளியர் கோட். நாம் சீவுவது அதைத்தான், நிறத்தை அல்ல. பொதுவாக 40, 50 மைக்ரான்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. சூட்டில் அது இன்னும் கொஞ்சம் இளகும். அதன்மேல்தான் நான் காய்ந்த பொடியை வைத்து அரைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளைப் பட்டையை எடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். காய்ந்து ஒட்டியதைத் துணியால் சுரண்டக் கூடாது. அதே காம்பவுண்டில் ஒரு துளியை விரலால் அதன்மேல் தடவி, அரை நிமிஷம் ஊறவிட்டு, மெல்லத் துடைத்தால் பழையது புதியதோடு சேர்ந்து வந்துவிடும். இதைப் பகலில் செய்தால் புதியதும் காய்ந்து ஒட்டும் என்பதால், சாயங்காலம் வரை அந்த வெள்ளைப் பட்டைகளோடு கார் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்புறம் ஒரு சூடு பார்க்கும் துப்பாக்கி வாங்கினேன். அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்கிற சின்னக் கருவி. தகட்டுக்கு நேரே பிடித்து விசையை அழுத்தினால் மேற்பரப்பின் சூட்டைக் காட்டும். பெயிண்டு மேல் சரியாகவே காட்டும். பளபளக்கிற குரோம் பட்டையில் பிடித்தால் பொய் சொல்லும். அது பக்கத்தில் உள்ளதைப் பிரதிபலிக்கிற கதிரையும் சேர்த்துப் படித்துவிடுகிறது. பகல் பதினொரு மணிக்கு என் பானெட் 64 டிகிரி. அதே பானெட் அதிகாலை ஆறு மணிக்கு 24. ஒரே கார், ஐந்து மணி நேர இடைவெளி, நாற்பது டிகிரி வித்தியாசம். துப்பாக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளங்கையைத் தகட்டில் வைத்து நிதானமாக ஐந்து எண்ணுங்கள். ஐந்து வரைக்கும் கை அங்கேயே சுகமாக இருந்தால் வேலை செய்யலாம். மூன்றிலேயே எடுத்துவிட்டால் மெஷினை உறையில் போட்டுவிட வேண்டியதுதான். நான் எனக்கென்று வைத்திருக்கும் கணக்கு 35 டிகிரி. அதற்கு மேல் போனால் நிறுத்திவிடுகிறேன்.

நிழல் தேடி நான் அலைந்த கதை கொஞ்சம் பெரியது. முதலில் மரத்தடி. தெருக்கோடியில் ஒரு பெரிய மரம், அதன் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் இரண்டு சருகு, ஒரு எறும்பு வரிசை, ஒரு பறவை எச்சம். பிசுபிசுப்பாக ஏதோ பொடிப்பொடியாகச் சொட்டியும் இருந்தது. ஈரக் காம்பவுண்டில் இவற்றில் ஒரு மணல்துணுக்கு விழுந்தால் போதும், மெஷின் அதை அழகாக வட்டமடித்துக் கீறிவிடும். மர நிழல் அமைதியாக ஆடுகிற நிழலும்கூட. ஒரே கதவில் ஒரு கை அகலம் சூடு, ஒரு கை அகலம் குளிர்ச்சி. எங்கே எவ்வளவு வேகமாகக் காயும் என்று கணிக்கவே முடியாது.

அடுத்தது தார்ப்பாய். நாலு கம்பு நட்டு மேலே தார்ப்பாய் கட்டினேன். காற்று வந்தது. தார்ப்பாய் பாய்மரமாகிவிட்டது. ஒரு கம்பு சாய்ந்து ரூஃபை உரசியதில் வந்த கீறல், நான் நீக்க வந்த அத்தனை கீறல்களையும் விடப் பெரியது. விரல் நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. நகம் தட்டுகிற கீறல் பாலிஷில் போகாது என்பது இந்த வேலையில் பழைய வாக்கு. போகவும் இல்லை. இன்றும் ரூஃபில் அந்தக் கோடு இருக்கிறது, என் கூடாரக் கலையின் நினைவாக. காற்றடிக்கும் இடத்தில் கூடாரம் கட்டுகிறவர்கள் கம்பின் காலுக்குக் கனமாக எதையாவது கட்டாமல் கட்டாதீர்கள். நான் இனி கட்டப்போவதே இல்லை.

விடை கிடைத்தது நான் தோற்று உட்கார்ந்திருந்தபோது. தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு, களைத்துப்போய்க் காரின் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். முதுகைக் கதவில் சாய்த்திருந்தேன். சூடே இல்லை. அட, என்று துப்பாக்கியை எடுத்து அந்தக் கதவைப் பார்த்தேன், 29. எழுந்து சுற்றிப்போய் எதிர்ப்பக்கக் கதவைப் பார்த்தேன், 51. நான் உட்கார்ந்திருந்தது காரின் நிழலிலேயே. ஊரெல்லாம் நிழல் தேடியிருக்கிறேன், கார் தானே ஒரு சுவர் என்பது தோன்றவில்லை.

என் இடத்தில் கார் வடக்குப் பார்த்து நிற்கும். காலையில் வெயில் கிழக்கே, அதாவது காரின் வலப்பக்கம். இடப்பக்கக் கதவுகள், சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர்கள் எல்லாம் காரின் சொந்த நிழலில். மதியம் நெருங்க நெருங்க அந்த நிழல் சுருங்கி வண்டிக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளும். பிற்பகலில் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். ஆகவே காலையில் இடப்பக்கம், பிற்பகலில் வலப்பக்கம் என்று ஒரு கால அட்டவணை போட்டேன். பிற்பகல் பாதி சரிப்படவில்லை. அந்தப் பக்கத் தகடு காலை முழுக்க வெயில் வாங்கியிருக்கிறது. தகடு மெல்லியதுதான், சீக்கிரம் ஆறிவிடும், ஆனால் காருக்குள்ளே அடைந்து கிடக்கிற சூட்டுக்காற்று உள்ளிருந்து அதை வறுத்துக்கொண்டே இருக்கிறது. நிழல் வந்து ஒரு மணி நேரம் கழித்தும் 40க்குக் கீழே இறங்கவில்லை.

இரண்டு பிற்பகல் இப்படிக் காத்திருந்து வீணாக்கினேன். மூன்றாம் நாள் என் மகள் கேட்டாள், “அப்பா, காரைத் திருப்பி நிறுத்தினா என்ன?”

ஒன்றும் சொல்லாமல் போய்க் காரைத் திருப்பி நிறுத்தினேன். தெற்குப் பார்த்து நின்றால் வலப்பக்கத்துக்குக் காலை நிழல். பிரச்சினை முடிந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயது.

பக்கவாட்டுக்கு இது சரி. பானெட், ரூஃப், டிக்கி மூடி மூன்றும் வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பவை, அவற்றுக்குக் காரின் நிழல் ஒருநாளும் வராது. அவற்றுக்கு விடியலை விட்டால் வழியில்லை. வெளிச்சம் வந்து, வெயில் இன்னும் தரைக்கு இறங்காத அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். இங்கே வேறு ஒரு சங்கடம்: பனி. காலை ஐந்தரைக்கு இறங்கிப்போனால் கார் மழையில் நனைந்தது போல நிற்கும். மழை இல்லை, பக்கத்தில் மரத்தின் கீழே நிற்கிற கார்களில் அவ்வளவாக ஈரமும் இல்லை. திறந்த வானத்தின் கீழ் நிற்கிற தகடு இரவெல்லாம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமில்லாத இரவில் அது சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோய்விடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. மரக்கிளை மேலே இருந்தால் அது தடுத்துவிடும். பகலில் என்னை வறுக்கிற அதே திறந்த வானம் இரவில் நனைக்கவும் செய்கிறது.

அந்தப் பனியை அப்படியே துடைக்கக் கூடாது. இரவில் படிந்த தூசி அதற்குள் கலந்து கிடக்கிறது, துடைத்தால் புதுக்கீறல். ஆகவே ஒரு வாளியில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொரு வாளியில் கழுவுகிற கையுறையை அலசுவதற்கு வெறும் தண்ணீர், அன்று வேலை செய்யப்போகிற பகுதியை மட்டும் கழுவி, பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுப்பேன். கழுவியும் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் கிளே பார், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுதான் உண்டு. வெளியில் வேலை செய்கிறவரின் கையிலிருந்து கிளே கட்டாயம் ஒருநாள் தரையில் விழும். விழுந்தால் குப்பைத்தொட்டி. ஊதித் துடைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள். ஆகவே முழுக்கட்டியையும் கையில் எடுக்காமல் நாலாகக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்த துணிக்கும் இதே சட்டம்.

கரண்ட் ஒரு தனிக் காவியம். எங்கள் வீடு மூன்றாம் மாடி. கீழே பிளக் எதுவும் எனக்கில்லை. நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரை ஜன்னல் வழியாக இறக்கினேன். சுருள்பெட்டியோடு வருகிற ஒயர், தேவையான அளவு மட்டும் உருவிவிட்டு மிச்சத்தைச் சுருளிலேயே விட்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் மேலிருந்து மகள் கத்தினாள், பெட்டி சுடுகிறதென்று. சுற்றிய ஒயரில் உண்டாகிற சூடு வெளியேற வழி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். உறை உருகிப் பற்றிக்கொள்ளவும் கூடும். கொஞ்ச நீளம்தான் தேவை என்றாலும் சுருளை முழுதாகப் பிரித்துவிட வேண்டும். ஒயரும் பருமனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீளத்தில் வோல்டேஜ் இறங்கி மெஷின் முனகும். மெஷின் பக்கத்து முனை நிற்கிற இடத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது என்பதால் கழுவுகிற வேலை முழுக்க முடிந்து தரை வடிந்த பிறகுதான் ஒயரை இறக்குவேன். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் விட்டால் கதவைத் தேய்த்துக்கொண்டே போகும், பாலிஷ் போட்ட இடத்தில் நாமே கோடு போட்டது மாதிரி ஆகும்.

இனி மெஷின் ஓட்டுவது. என்னுடையது தானும் சுற்றி அச்சும் விலகிச் சுழல்கிற டூயல் ஆக்ஷன் வகை. ஒரே அச்சில் வேகமாகச் சுற்றுகிற ரோட்டரியை வெயில்வெளியில் புதிதாகக் கற்றுக்கொள்ளப்போகிறவர் கையில் கொடுக்க மாட்டேன், நானும் தொடவில்லை. ஒரே இடத்தில் சூட்டைக் குவித்துவிடும்.

கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இரண்டடிக்கு இரண்டடி சதுரம் எடுத்துச் செய்வார்கள். நான் ஓரடிக்குக் கொஞ்சம் மேல். என் இரண்டு உள்ளங்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. பேடில் பட்டாணி அளவில் நாலு துளி. மெஷினை ஓடவிடாமல் முதலில் தகட்டில் ஒற்றி ஒற்றிப் பரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் காம்பவுண்டு சட்டைக்குப் போகும். பிறகு மெதுவான வேகத்தில் தடவி, வேகத்தைக் கூட்டி, இடவலமாக ஒரு தடவை, மேல்கீழாக ஒரு தடவை, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடுகிற மாதிரி. இப்படி நாலு சுற்று. கை நகர்வது விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அந்த மெதுவுக்குப் பழகுவதுதான் கஷ்டம். வெயில் ஏறப்போகிறதே என்ற பதற்றத்தில் கை ஓடும். ஓடினால் கீறல் போகாது, அந்தச் சதுரத்தை இன்னொரு முறை செய்ய வேண்டிவரும்.

படலம் கண்ணாடி மாதிரித் தெளிந்து எண்ணெய் பூசினாற்போல் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். அது மங்கிப் பொடியாவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒரு நுனி இருக்கிறது. இரண்டு நாளில் கண் பழகிவிடும். சீக்கிரம் காய்கிற நாள் என்றால் பேடின் மேல் சுத்தத் தண்ணீரை ஒரே ஒரு முறை விசிறுவேன். இன்னொரு துளி காம்பவுண்டு வைப்பதைவிட இது நல்லது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பேடைத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட வேண்டும். இரண்டு பேடோடு ஆரம்பித்தவன் இப்போது ஆறு வைத்திருக்கிறேன். ஒன்று சூடானால் அதைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்தது. பேடைக் கவனித்துக்கொண்டே இருங்கள்: வெள்ளையாகவோ சாம்பலாகவோ அழுக்கானால் கிளியர் கோட்தான் வருகிறது. காரின் நிறமே பேடில் ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப்படலப் பழைய பெயிண்டாக இருக்கலாம், இல்லையென்றால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். எதுவானாலும் உடனே மெஷினை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டிய நேரம்.

பம்பரில் கவனம். அது பிளாஸ்டிக். இரும்புத் தகடு சூட்டைச் சுற்றிலும் பரப்பிவிடும், பிளாஸ்டிக் தொட்ட இடத்திலேயே தேக்கும். ஓரங்களும் மடிப்புகளும் அப்படித்தான், அங்கே பெயிண்டு மெல்லியதும்கூட. மடிப்புகளில் எல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். கறுப்பு ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கட்டாயம் ஒட்ட வேண்டும். காம்பவுண்டு அதில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் பிடித்துக்கொண்டு லேசில் போகாது. ஒட்டிய டேப்பை வேலை முடிந்ததும் உரித்துவிடுங்கள். நாளைக்கும் இதே இடம்தானே என்று ஒருநாள் விட்டுவிட்டுப் போனேன். பகல் வெயிலில் பசை உருகித் தகட்டில் தங்கிவிட்டது. அடுத்த நாள் காலை முழுக்கப் பசை எடுக்கிற வேலை.

காற்றைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை, எனக்கு அதுதான் வெயிலைவிடப் பெரிய எதிரி. வெயில் நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும். காற்று சொல்லிக்கொண்டு வராது. எதிரே காலி மனை. அங்கே ஒரு வண்டி திரும்பினால் போதும், புழுதி என் பானெட்டுக்குத்தான் வரும். இலை ஆட ஆரம்பித்தால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். ஆடாத நாளிலும் ஒவ்வொரு சதுரத்தை ஆரம்பிக்குமுன் துணி வழுக்கிப் போவதற்கான டீட்டெய்லிங் ஸ்ப்ரே அடித்து ஒரு துணியால் பாரமில்லாமல் ஒற்றியெடுத்துவிட்டுத்தான் மெஷினை வைப்பேன். ஆரம்பித்த பிறகு புழுதி வந்தால் பாதியிலேயே நிறுத்தி, துடைத்து, பேடை மாற்றிவிட்டுத் தொடர வேண்டும். சோம்பலாகத்தான் இருக்கும்.

சாயங்காலத்தையும் முயன்று பார்த்தேன். வெயில் இறங்கி, தகடு ஆறி, பனி இன்னும் விழாத ஒன்றிரண்டு மணி நேரம் அருமையான நேரம்தான். ஆனால் இருட்டிவிடும், விளக்கு போட வேண்டும். விளக்கு போட்டால் பூச்சி வரும். ஈரக் காம்பவுண்டில் ஒரு ஈசல் வந்து உட்கார்ந்து சிறகை உதிர்த்துவிட்டுப் போனது. அதோடு சாயங்கால வேலைக்கு ஒரு கும்பிடு.

இவ்வளவு புலம்புகிறேனே, வெளியில் வேலை செய்வதில் ஒரு நல்லதும் இல்லையா என்றால், ஒன்று உண்டு. மூடிய ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் கீறல் தெரிவதற்காக விலை கொடுத்து விசேஷ விளக்கு வாங்குகிறார்கள். எனக்குச் சூரியனே இருக்கிறது. தூரத்திலிருந்து ஒரே புள்ளியாக வருகிற பலத்த வெளிச்சத்துக்கு ஈடு இல்லை. ஒரு சதுரம் முடிந்ததும் எண்ணெயெல்லாம் போகிற மாதிரி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிடுவேன். இல்லாவிட்டால் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துப் பொய்ச் சமாதானம் தரும், இரண்டு கழுவலில் எல்லாம் திரும்பி வரும். பிறகு வெயில் அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருப்பேன்.

அப்படிக் காத்திருந்த ஒரு காலையில்தான் அந்தச் சிலந்தி வலையை நிதானமாகப் பார்த்தேன். பாலிஷ் போடாத கதவில் சூரியன் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. அதைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல்கள், யாரோ காம்பஸ் வைத்து வரைந்தது போல. தலையை ஒரு அடி நகர்த்தினேன். சூரியப் பொட்டு நகர்ந்தது, வட்டங்களும் கூடவே நகர்ந்தன. அப்படியானால் வட்டக்கீறலே அங்கே இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் நேர்கோடுகளாகத்தான் கிடக்கின்றன. அவற்றில் அந்தப் பொட்டைச் சுற்றி வளைகிற வாக்கில் படுத்திருப்பவை மட்டும் வெளிச்சத்தை என் கண்ணுக்கு அனுப்புகின்றன. மற்றவை இருட்டில் ஒளிந்திருக்கின்றன. அடுத்த அடிக்கு நகர்ந்தால் அவை முறை வைத்து முன்னால் வருகின்றன. வட்டமாகத் துடைத்ததால் வட்டக்கீறல் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். கால் மணி நேரம் கதவின் முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். மாடியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

பக்கத்தில் முடித்த சதுரத்தில் அதே சூரியன் வெறும் பொட்டாக மட்டும் இருந்தது. சுற்றிலும் ஒன்றுமில்லை. ஆழமாக நின்றுபோன நாலைந்து கீறல்கள் இருந்தன. அவற்றைத் துரத்தவில்லை. இன்னும் சீவினால் போகலாம், ஆனால் கிளியர் கோட் திரும்ப வளராது.

மொத்தம் பதினொரு காலை ஆனது. பானெட்டுக்கு மட்டும் இரண்டு. ரூஃபுக்கு ஸ்டூல் போட்டு நின்று இரண்டு. மேகமூட்டமான ஒரு நாளில் வலப்பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்தேன். அது பண்டிகை மாதிரி இருந்தது. மற்ற நாளெல்லாம் ஒரு கதவு, ஒரு ஃபெண்டர், வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று மேலேயிருந்து ஒரு குரல். பாதி முடித்த காரோடு அலுவலகம் போனதில் ஒரு வெட்கமும் இல்லை. ஒரு பக்கமாக நடந்து வருகிறவர்கள் புதுக் காரா என்றார்கள், மறுபக்கமாக வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் மேலே என்ன பூசுவது என்று யோசித்தேன். பெயிண்டின் மேல் கெட்டியாக இறுகி நிற்கிற செராமிக் கோட்டிங் மேல் ஆசை இருந்தது. அது வெளியில் சரிவராது என்று விட்டுவிட்டேன். சூடான தகட்டில் துடைக்குமுன் இறுகித் திட்டுத்திட்டாக நிற்கும். நன்றாகப் பூசிவிட்டாலும் ஆரம்ப மணி நேரங்களில் தண்ணீர் படக் கூடாது, என் இடத்திலோ இரவானால் பனி. திட்டாக இறுகியதை எடுக்க மறுபடி பாலிஷர்தான். வாக்ஸ் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், வெயில் ஊர்ந்து வருவதற்குள் துடைத்து முடிக்கக் கை வேகம் போதாது. விசிறித் துடைக்கிற பாதுகாப்புப் பூச்சான ஸ்ப்ரே சீலண்ட் எடுத்தேன். ஒவ்வொரு நாளும் முடித்த பகுதிக்கு அன்றே ஆல்கஹால் துடைப்புக்குப் பிறகு இரண்டு விசிறல், ஒரு துணியால் பரப்பி, இன்னொன்றால் துடைப்பு. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கும், போடுகிறேன். பறவை எச்சத்தை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவதில்லை. சூட்டில் காய்ந்தால் அது கிளியர் கோட்டில் தடம் போட்டுவிடும். ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டு ஊறவிட்டுத் தூக்கிவிடுவேன். தேய்ப்பதில்லை.

எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து, நடு மத்தியானம் பெட்ரோல் போட நின்றபோதுதான் பார்த்தேன். பெட்ரோல் மூடி. அதை மட்டும் விட்டிருக்கிறேன். சுற்றிலும் கதவும் ஃபெண்டரும் தண்ணீர் மாதிரிக் கிடக்க, நடுவில் ஒரு கை அகலத்துக்குப் பழைய கார் அப்படியே இருக்கிறது, சிலந்தி வலையும் மங்கலுமாக. அன்று ஓரத்துக்கு டேப் ஒட்டியவன் மூடியையும் சேர்த்து ஒட்டியிருக்கிறேன்.

பத்து நிமிஷ வேலை. இன்னும் செய்யவில்லை. கீழ்வீட்டுப் பெரியவர் போன வாரம், “வெள்ளையடிச்சது நல்லாத்தான் வந்திருக்கு தம்பி, முன்னாடி எப்படி இருந்தது?” என்றார். மூடியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து அதையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் ஸ்கூட்டர் நிற்கிற பக்கம் திரும்பி, “அதுக்கும் காலையில நிழல் விழுமில்ல?” என்றார்.